வெள்ளையடித்த தெரு

ஓஷ், சந்தை
அக்டோபர் 9

அன்புத் தம்பி துருஸ்பெக்குக்கு,

உன் உயிரும் உன் கால்நடையும் நலமா? உனக்குக் கால்நடை கிடையாது. ஆகவே உன் இடது முழங்கால் நலமா என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் கடையும் நலம். சிமென்ட் ஓடுகிறது, தகரம் நடக்கிறது, பெயின்ட் தூங்குகிறது. பனிக்கு முன்னால் கூரை போட வேண்டியவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் விழித்துக்கொண்டு என் கடை வாசலில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

ஜிப்பார் உண்டாகியிருக்கிறாள். நீ அதே தெரெங்-சாய் கிராமத்தில் இருக்கிறாய், பெற்றவளுக்கு முன்னால் தாய்மாமனுக்குத்தான் என் மகள் சொல்லியிருப்பாள். மாப்பிள்ளை ரஷ்யாவில் கட்டட வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அவளை அடிக்கடி எட்டிப் பார்.

சம்பந்தி கல்முர்ஸா போன வாரம் கடைக்கு வந்தார். வந்ததும் சண்டை. "சம்பந்தி அம்மா, நீங்க வித்த கதவு மூட மாட்டேங்குது. மூணு தடவை இழைச்சாச்சு." மரம் ஈரம் குடித்திருக்கும் என்றேன். "என் கதவு மட்டும் குடிச்சா பரவால்ல. மேலத்தெரு மொத்தமும்ல குடிச்சிருக்கு!" என்றார். சிரித்தோம். அவருக்காக ஒரு நல்ல பைன் கதவை எடுத்துவைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிலவியலாளர்களை எல்லாம் அரசாங்கம் சலித்து மூன்று வகுப்பாகப் பிரிக்கிறதாமே. முதல் வகுப்புக்காரன் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு நிலம் நல்லதா கெட்டதா என்று செல்லுமாமே. நீ தேர்வுக் குழு முன்னால் போய் உட்கார்ந்து வந்தாயே, என்ன ஆயிற்று? "என் தம்பி முதல் வகுப்பு" என்று நான் சந்தையில் சொல்லியாயிற்று. சொன்ன விலையை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை.

தபால் ஆபீஸ் தொலைபேசியில் பேசாதே. அங்கே இருக்கும் பெண் கேட்டுவிட்டு எனக்கு முன்னால் ஊருக்குச் சொல்லிவிடுவாள். வேன் ஓட்டும் மாமத்திடம் கடிதம் கொடு.

உன் பதிலுக்குக் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா சோனுன்


தெரெங்-சாய்
அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலும் நலம். உன் இருமல் குறைந்ததா? சிமென்ட் மூட்டை பிரிக்கும்போது வாயில் துணி கட்டிக்கொள் என்று போன வருடமும் சொன்னேன்.

தேர்வு நல்லபடியாக முடிந்தது.

எனக்கு ஒரு மூட்டை ஜிப்சம் மாவு வேண்டும். பழைய சரக்கு வேண்டாம், அது சரியாக இறுகாது. மாமத் வேனில் அனுப்பு.

ஜிப்பாரைப் பிரசவத்துக்கு உன் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளேன். பனிக்கு முன்பே வந்துவிட்டால் நல்லது. ஓஷ் மருத்துவமனை பெரியது என்று சம்பந்தியிடம் சொல்.

அவருக்குப் புதுக் கதவு விற்க வேண்டாம்.

மழை தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி துருஸ்பெக்


ஓஷ், சந்தை
நவம்பர் 6

தம்பிக்கு,

நலம், நலம், இருமலும் நலம். மாமத் வேனில் ஜிப்சம் வருகிறது. இந்த வாரம் இறங்கிய புதுச் சரக்கு. மலையை அளக்கிறவனுக்கு ஜிப்சம் எதற்கு? மண்டபம் கட்டுகிறாயா? மணமகள் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லாமல் இருக்கிறாயா?

ஜிப்பார் விஷயம் கேட்டேன். சம்பந்தி பதில் இது: "தலைப்பிள்ளை புருஷன் வீட்டுக் கூரைக்குக் கீழ பொறக்கணும். புருஷன் ஊர்ல இல்லாத நேரத்துல மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினா, கல்முர்ஸா வீட்ல கஞ்சிக்கு வழியில்லைன்னு ஊர் பேசும்." இதற்கு மேல் நான் பேசினால் உறவு கெடும். விட்டுவிட்டேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். நீ டீக்கடையில் உட்கார்ந்து, "மேலத்தெருக்காரங்க கீழ மேட்டுக்கு இறங்கிட்டா என்ன?" என்று கேட்டாயாம். அவர், "எஞ்சினியர் தம்பி, தாள் இருக்கா?" என்று கேட்டாராம். நீ டீயைப் பார்த்தாயாம். அவர் கேட்டதில் தப்பில்லை. முதல் வகுப்புக்காரன் ஆபத்து என்று எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு வீடு மனையும் தகரமும் அரசாங்கம் தரும். தானாகக் கிளம்பினவனுக்கு ஒன்றும் கிடையாது. வீட்டை விட்டுப் போனவன் என்று பெயர்தான் மிஞ்சும். நானாக இருந்தாலும் தாள் கேட்டிருப்பேன்.

கதவு விற்காதே என்கிறாய். வியாபாரியிடம் சொல்லும் பேச்சா இது? காரணம் எழுது.

எந்த வகுப்பு என்று கேட்டிருந்தேன். "நல்லபடியாக" என்று ஒரு வகுப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

அக்கா


ஓஷ், சந்தை
ஜனவரி 9

தம்பிக்கு,

உன் உயிர் நலமா? இதையாவது எழுது. இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. "பனியில் நடந்துகொண்டே இருக்கிறார், தாடி வளர்ந்திருக்கு" என்று மாமத் சொன்னான். எனக்கு வேண்டியது தாடிச் செய்தி இல்லை.

நேற்று குளியலறை ஓடு வாங்க ஒருவர் வந்தார். நல்ல மேலங்கி, மெல்லிய தோல் காலணி. பில் போடும்போது பெயர் சொன்னார்: இஸ்காக் தாயிரோவிச், முதல் வகுப்பு நிலவியலாளர். பெயரோடு வகுப்பையும் சேர்த்தே சொல்கிறார், கவனித்தாயா? நான் உடனே பெருமையாக, "என் தம்பியும் உங்க வகுப்புதான், தெரெங்-சாய் துருஸ்பெக்" என்றேன்.

அவர் ஓட்டைத் தட்டிப் பார்த்தபடி, "அந்தத் தண்ணிக்காரரா? அவரு மூணாம் வகுப்புங்க. நானே குழுவுல இருந்தேன். தாஷ்கன்ட் பட்டம், சோவியத் உடைஞ்ச பிறகு அது வெளிநாட்டுப் பட்டம். அதுலயும் படிச்சது நிலத்தடி நீர். நல்ல மனுஷன்தான், ஆனா சரிவைப் பத்திப் பேச அவருக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

கடைப் பையன்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். "இந்த ஓடு வழுக்காதுங்க" என்றேன். 

தம்பி, என் கடையில் மூன்று தர சிமென்ட் இருக்கிறது. மூன்றாம் தரத்தை முதல் தரச் சாக்கில் அடைத்து விற்கிறவர்கள் இந்தச் சந்தையில் இருக்கிறார்கள். நான் அதைச் செய்ததில்லை. ஆனால் சாக்கைப் பார்த்து மட்டும் சரக்கு வாங்கியதும் இல்லை, உள்ளே கைவிட்டுப் பார்ப்பேன். உன்னை எனக்குத் தெரியும். ஆகவே வகுப்பைப் பற்றி இனி கேட்க மாட்டேன். வேறு ஒன்று கேட்கிறேன்.

கதவுகள், கீழ மேடு, ஜிப்பாரை அனுப்பு என்று நீ சொன்னது. எல்லாவற்றையும் நேற்றுப் படுக்கையில் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தேன். அந்த மலை நகர்கிறதா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. நீட்ட வேண்டாம்.

அக்கா


தெரெங்-சாய்
ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாடியை எடுத்துவிட்டேன். ஜிப்பார் நலம், நன்றாகச் சாப்பிடுகிறாள்.

நீ கேள்விப்பட்டது உண்மை. மூன்றாம் வகுப்பு என்றால் பார்க்கலாம், அளக்கலாம், அளந்ததை மேலே அனுப்பலாம். இது ஆபத்து, இது ஆபத்தில்லை என்று யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் பதிவிலிருந்து பெயர் எடுபடும். பிறகு அளக்கவும் முடியாது, ஆய்வு நிலையச் சாவியும் என்னிடம் இருக்காது. இலையுதிர்காலத்து அளவுகளை மேலே அனுப்பினேன். முதல் வகுப்புக் கையெழுத்து இல்லை என்று திரும்பி வந்தன. இந்தச் சரகத்தில் முதல் வகுப்புக்காரர் ஒருவர்தான். அவர் உன்னிடம் ஓடு வாங்கினார்.

ஆகவே நீ கேட்டதற்கு ஆமாம் என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. எழுதினால் நீ மறைக்க மாட்டாய், உனக்கு அது வராது. சந்தையில் சொன்னது மறுநாள் மாமத் வேனில் ஏறி இங்கே வந்துவிடும்.

முதல் வகுப்புக்காரர் ஒருவர் பனி உருகுமுன் இங்கே வந்தால் போதும். அவர் கண்ணில் பட வேண்டியதை நான் தயாராக வைத்திருக்கிறேன்.

ஜிப்பாரை அழைத்துக்கொள்ள இன்னொரு முறை முயன்று பார்.

துருஸ்பெக்


ஓஷ், சந்தை
மார்ச் 14

தாய்மாமனுக்கு,

பேத்தி எப்படி இருக்கிறாள்? நீதான் பக்கத்தில் இருக்கிறாய், நான் மாமத் சொல்லித்தான் கேட்கிறேன். பிப்ரவரி 24-இல் பிறந்தவளுக்கு இன்னும் நாற்பது நாள் கழியவில்லை. அதுவரை குழந்தையை வாசல் தாண்ட விடமாட்டேன் என்று சம்பந்தி பிடிவாதம். அழைத்து வரும் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. இஸ்காக் தாயிரோவிச்சின் குளியலறைக்கு ஓட்டை நானே என் வண்டியில் இறக்கிக் கொடுத்தேன். பசையும் கொடுத்தேன். பிறகு மெதுவாக, "தெரெங்-சாய் பக்கம் எப்ப போறீங்க?" என்றேன். "மே மாசம் பாக்கலாம்" என்றார். "மே மாசம் என் கடையில பசை விலை ஏறும்" என்றேன். சிரித்துவிட்டார். நவ்ரூஸ் புத்தாண்டு முடிந்ததும் மார்ச் 23-ஆம் தேதி வருகிறார்.

அதற்கு இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். அதிகாரி என்பவன் அழுக்கு வீட்டுக்குள் நுழையமாட்டான், ஜீப்பில் உட்கார்ந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். வீடு பளிச்சென்று இருந்தால் இறங்குவான், உட்காருவான், சாப்பிடுவான், சொல்வதைக் கேட்பான். நவ்ரூஸுக்கு எப்படியும் எல்லாரும் வெள்ளையடிப்பார்கள். இந்த வருடம் மேலத்தெரு முழுவதற்கும் சுண்ணாம்பு என் செலவு. ஓட்டை உடைசல் அடைக்க ஜிப்சமும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். "சம்பந்தி அம்மா, கல்யாண வீடு மாதிரி ஆக்கிடறோம்" என்று கல்முர்ஸா சொல்லியனுப்பினார்.

முதல் வகுப்பை வரவழைத்தாயிற்று. ஆபத்து மலையில் இருக்கிறது, அதை அவருக்குக் காட்ட வேண்டியது உன் பாடு.

பேத்தியின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு.

அக்கா


தெரெங்-சாய்
மார்ச் 27

அக்காவுக்கு,

குழந்தை நலம். ஜிப்பார் நலம். உன் கடிதம் நவ்ரூஸ் முடிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் நான் முகட்டு நிலையத்தில் இருந்தேன்.

22-ஆம் தேதி இறங்கி வந்தேன். வளைவில் திரும்பியதும் மேலத்தெரு தெரிந்தது. அவ்வளவு வெள்ளை. பெண்கள் வாளியோடு நின்று சிரித்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மலை இறங்கி வந்த களைப்பு என்று நினைத்து ஒருத்தி மோர் கொடுத்தாள்.

உன் ஜிப்சத்தை நான் எதற்குக் கேட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சுவரில் விரிசல் விழுந்தால் அதன் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிப்சம் பட்டை பூசி, அதன் மேல் தேதி கீறிவைப்போம். சுவர் சும்மா இருந்தால் பட்டையும் சும்மா இருக்கும். நிலம் நகர்ந்தால் பட்டை படக்கென்று உடையும், அது வளையாது. நவம்பரிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் வைத்தேன். உடைந்ததன் பக்கத்தில் புதியது, அதுவும் உடைந்தால் இன்னொன்று. "சுவருக்கு மருந்து" என்று அவர்களிடம் சொன்னேன். வேறு சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பகுதி பகுதியாக உடைந்த ஒரு குளிர்காலம் முழுவதும் அந்தச் சுவர்களில் இருந்தது. படித்தவன் எவன் பார்த்தாலும் புரியும். நவ்ரூஸுக்கு அவர்கள் அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, விரிசலை அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.

மறுநாள் இஸ்காக் தாயிரோவிச் வந்தார். கல்முர்ஸா வீட்டுச் சுவரில் விரலை வைத்துக் கேட்டார். "எங்கப்பா உன் விரிசல்?"

"இதுக்கு உள்ளதான் இருக்கு."

"உள்ள இருக்கறதை நான் எப்படிப் பாக்கறது? எக்ஸ்ரே எடுக்கவா?"

கல்முர்ஸா குறுக்கே வந்தார். "அய்யா, சம்பந்தி குடுத்த சுண்ணாம்பு. தடவிப் பாருங்க, கையில ஒட்டுதா?"

முகட்டுக்கு வாருங்கள், அங்கே வாய் பிளந்திருக்கிறது என்றேன். தன் காலணியைப் பார்த்தார். பிறகு என் அளவுகளைப் பார்த்தார். "அளவெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா மூணாம் வகுப்பு அளவை நம்பி நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு என்னைக் கேப்பாங்க. சுவர் ஒண்ணும் சொல்லலையே, தம்பி." மேலத்தெரு, கீழத்தெரு இரண்டையும் சேர்த்து, 'நகர்வின் அறிகுறி இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். ஆட்டுக்கறி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பொய் எழுதவில்லை, அக்கா. பார்த்ததை எழுதினார்.

இப்போது அந்தத் தாளைக் காட்டித்தான் கல்முர்ஸா என்னைக் கிண்டல் செய்கிறார். "மொதல் வகுப்பே சொல்லியாச்சு. நீ எந்த வகுப்பு, தம்பி?"

வெள்ளையடித்த சுவரின் மேலேயே திங்கட்கிழமை புதுப் பட்டைகள் வைத்தேன். வியாழக்கிழமை எல்லாம் உடைந்திருந்தன. ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறது. மழை நிற்கவில்லை.

நீ ஜனவரியில் கேட்டதற்குப் பதில்: ஆமாம்.

இந்தக் கடிதத்தை யாரிடமாவது காட்டினால் என் பெயர் போகும். காட்டுவதானால் காட்டு. ஆனால் காட்டினாலும் அவர்கள் கிளம்பமாட்டார்கள், இதை எழுதியவன் மூன்றாம் வகுப்பு.

துருஸ்பெக்


ஓஷ்
மார்ச் 31

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன். சுண்ணாம்பைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அது என் பக்கத்துச் சுமை, நான் தூக்கிக்கொள்கிறேன்.

வருகிற 5-ஆம் தேதி குழந்தைக்கு நாற்பது கழிகிறது. 6-ஆம் தேதி என் மகள் குழந்தையோடு முதன்முதலாகப் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். நம் வழக்கப்படி புருஷன் வீட்டார் கூட வரவேண்டும். நான் மேலத்தெரு முழுவதையும் கூப்பிடுகிறேன். ஒரு வீடு பாக்கியில்லாமல், கிழவர்கள், கைக்குழந்தைகள், கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறவர்கள் உட்பட. இரண்டு பேருந்து பேசியாயிற்று. குதிரைக்கறியும் ஆட்டுக்கறியும் சொல்லியாயிற்று. வராதவன் என்னை அவமானப்படுத்துகிறான் என்று மாமத் வீடு வீடாகச் சொல்வான். சம்பந்தி வீட்டு அழைப்பைத் தட்டிவிட்டுக் கல்முர்ஸாவால் ஊரில் தலைகாட்ட முடியாது, அது அவருக்கே தெரியும்.

மலை நகர்கிறது என்று சொல்ல முதல் வகுப்பு வேண்டும். சாப்பிட வாருங்கள் என்று சொல்ல எந்த வகுப்பும் வேண்டாம்.

எத்தனை நாள் பிடித்துவைக்க வேண்டும் என்று மட்டும் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது.

அதுவரை உள்ள ஆறு நாளும் மழை பெய்யாமலிருக்க வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீயும் பேருந்தில் ஏறு.

அக்கா


தெரெங்-சாய், பள்ளிக்கூடம்
ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? வீடு நிறைய ஆட்கள், தூங்கினாயா? என் வலது முழங்கால் நலம்.

பேருந்தில் ஏறாததற்குக் கோபிக்காதே. பட்டைகளை யாராவது பார்க்க வேண்டும்.

உன் விருந்திலிருந்து கல்முர்ஸா சொல்லாமல் நழுவிவிட்டார் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். 8-ஆம் தேதி காலை பால் லாரியில் வந்து இறங்கினார். குட்டி போடும் நாளில் இருந்த குதிரையைத் தெருவில் கட்டிவைத்துவிட்டு விருந்துக்குப் போயிருக்கிறார், அங்கே கறி இறங்கவில்லையாம். நான் வளைவில் நின்று மறித்தேன். தெருவில் அப்போது சுவருக்குச் சுவர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, கூரைத் தகரம் தானாக முறுக்கிக்கொள்ளும் சத்தம்.

"மேல போகாதீங்க."

"யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீ எந்த வகுப்பு?"

குளிர்காலம் முழுவதும் கேட்ட அதே கேள்விதான். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேட்டுவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அந்த உடம்பை நான் இழுத்து நிறுத்த முடியாது.

"நேத்துதான் வந்துது," என்றேன். "முதல் வகுப்பு."

நின்றார். "தாள்?"

பையில் நிலையத்தின் அச்சடித்த தாள் இருந்தது. முட்டியில் வைத்து எழுதினேன்: மேலத்தெரு ஆபத்து, உடனே காலி செய்யவும், துருஸ்பெக், முதல் வகுப்பு நிலவியலாளர். முத்திரையும் குத்தினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார், மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். "இதை மொதல்லயே குடுத்திருந்தா நான் எதுக்குத் தம்பி உன்கிட்ட மல்லுக்கு நிக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். பிறகு, "குதிரை?" என்றார்.

குதிரையை நான் அவிழ்த்து வந்தேன். வர மறுத்தது, உதைத்தது. அந்தக் கதை கிடக்கட்டும், நாங்கள் தெருவுக்குக் கீழே இருக்கும் வால்நட் மரங்களைத் தாண்டிய பிறகுதான் மலை வந்தது. இடி மாதிரி இல்லை. லாரியிலிருந்து சரளை கொட்டுகிற சத்தம், அது நிற்கவே இல்லை. தெரு முதலில் விழவில்லை, அக்கா. வெள்ளை வெளேரென்று, வரிசை கலையாமல், நின்றபடியே கொஞ்சதூரம் கீழே இறங்கி வந்தது. அப்புறம்தான் மடங்கியது.

வீடு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆள் ஒருவரும் போகவில்லை. மண் கீழத்தெருவுக்கு மேலே வந்து நின்றிருக்கிறது. குட்டி நேற்றுப் பிறந்தது, பழுப்பு நிறம்.

அவர்களிடம் எப்படிச் சொல்லப்போகிறாய் என்று தெரியவில்லை. முதலில் சாப்பாடு போட்டுவிட்டுச் சொல்.

துருஸ்பெக்


ஓஷ்
ஏப்ரல் 25

தம்பிக்கு,

இடது முழங்காலைப் பற்றி நீ எழுதவில்லை. மாமத் எழுதாமலே சொல்லிவிட்டான். கட்டுப் பிரிக்கும்வரை அந்தக் காலை ஊன்றினால் நான் அங்கே வந்து அடுத்த காலையும் உடைப்பேன்.

தெருவே இன்னும் என் வீட்டில்தான். கிடங்கில் சிமென்ட் மூட்டை மேல் குழந்தைகள் தூங்குகின்றன. முதல் இரண்டு நாள் அழுதார்கள், இப்போது என் சமையலைக் குறை சொல்கிறார்கள். தேறிவிடுவார்கள். மனை தருவதாக உத்தரவு வந்துவிட்டது.

ஆனால் வேறு தலைவலி வந்திருக்கிறது. உன் தாளை அடுப்பில் போடச் சொல்லிக் கல்முர்ஸாவிடம் கெஞ்சினேன். "என்ன பேச்சு பேசறீங்க சம்பந்தி அம்மா! என் உசுரைக் காப்பாத்தின தாள்!" என்று கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டார். அதுவும் என் கடைச் சட்டம்தான், கடைப் பையன் வேலை மெனக்கெட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறான். விசாரணைக் குழு வந்த அன்று அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய் நின்றார். "எங்க மொதல் வகுப்பு எஞ்சினியர் எழுதிக் குடுத்தது, பாருங்க!" பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக்காரன் முதல் வகுப்பு என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறான் என்று. நன்றியால் ஒருவனை மாட்டிவிட முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

முந்தாநாள் இஸ்காக் தாயிரோவிச் கடைக்கு வந்தார். முகம் பாதியாக இளைத்திருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மார்ச் அறிக்கைக்கு அப்புறம் எனக்குச் சந்தேகம் வந்துது, மேலத்தெருவைக் காலி பண்ணச் சொல்லி உங்க தம்பிகிட்ட வாயால உத்தரவு குடுத்தேன், அவரு என் சார்பா எழுதினாரு. இப்படி ரெண்டு பேரும் சொல்லிட்டா ரெண்டு பேரும் தப்பிச்சோம். அடுத்த குழுவுல அவருக்கு முதல் வகுப்பு, என் பொறுப்பு."

நான் வியாபாரி. வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் லாபம் இருக்கிற சரக்கு இது. ஒப்புக்கொள். நீ நியாயமாக வாங்கியிருக்க வேண்டிய வகுப்பு, கோணல் வழியில் வந்தாலும் உன்னுடையதுதான். 5-ஆம் தேதி உன்னை விசாரிக்கிறார்கள். அதற்குள் சரி என்று ஒரு சொல் எழுது.

பேத்தி சிரிக்க ஆரம்பித்திருக்கிறாள். அவள் சிரிக்கும்போது உன் ஜாடை.

அக்கா


தெரெங்-சாய்
மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு முழங்காலும் என்று எழுத ஆசை, ஆனால் ஒன்றைப் பற்றி மட்டும் உறுதி சொல்ல முடியும். உன் கிடங்கு காலியானதா? இருமல்?

5-ஆம் தேதிக்கு முன் பதில் எழுதாதது வேண்டுமென்றுதான். எழுதினால் நீ மாமத் வேனில் ஏறி நேரே வந்திருப்பாய், உன்னிடம் பேரம் பேசி நான் ஜெயித்ததில்லை.

இஸ்காக் தாயிரோவிச் சொன்னதில் ஒன்று உனக்குத் தெரியாது. மேலத்தெருவுக்கு மட்டும் வாய்மொழி உத்தரவு கொடுத்ததாகச் சொன்னால், அவருடைய மார்ச் அறிக்கை கீழத்தெருவுக்கு அப்படியே நிற்கும். நகர்வின் அறிகுறி இல்லை. முதல் வகுப்புக் கையெழுத்து. அவ்வளவு மண் தலைக்கு மேல் நிற்கும்போது, அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்கள் உள்ளே படுத்திருப்பார்கள்.

ஆகவே நடந்ததைச் சொன்னேன். தலைவர் கேட்டார்: "உங்க வகுப்பு என்ன?"

"மூணு."

"அப்புறம் எதுக்கு ஒண்ணுன்னு எழுதினீங்க?"

"மூணுன்னு எழுதியிருந்தா அவரு குதிரைகிட்டப் போயிருப்பாரு."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். மற்றவர்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கல்முர்ஸா பின்னாலிருந்து எழுந்து, "அவரு மொதல் வகுப்பு இல்லைன்னா நான் செத்தவன்! செத்தவனை வரச்சொல்லி எதுக்குக் கேள்வி கேக்கறீங்க?" என்று கத்தினார். உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இஸ்காக் தாயிரோவிச் கடைசிவரை என்னைப் பார்க்கவில்லை. பட்டைகளைச் சுரண்டியது யார், சுண்ணாம்பு யார் கொடுத்தது என்று கேட்டார்கள். வழக்கப்படி நவ்ரூஸுக்கு அடித்தார்கள் என்றேன்.

மார்ச் அறிக்கையை ரத்து செய்துவிட்டார்கள். கீழத்தெருவைப் பார்க்கத் தலைநகரிலிருந்து ஒரு முதல் வகுப்பு வருவார். கோடையில் வரலாம், அதற்குப் பிறகும் வரலாம்.

என் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நிலையச் சாவியைக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கச் சொல்கிறார்கள், சரி என்றிருக்கிறேன்.

உத்தரவை நன்றாகப் படித்தேன். மூன்றாம் வகுப்புக்காரன் கருத்துச் சொல்லக்கூடாது என்று இருக்கிறது. வகுப்பே இல்லாதவன் அடுத்தவர் சுவரில் ஜிப்சம் பூசக்கூடாது என்று எங்கும் இல்லை. இந்த முறை கீழத்தெருவில் எதற்காகப் பூசுகிறேன் என்பதையும் வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தார்கள். கல்முர்ஸா கூடவே வந்து சிரித்தவர்களைத் திட்டினார்.

நேற்று கீழத்தெரு வழியாக நடந்தேன். இரண்டு வீட்டு வாசலில் கதவைக் கழற்றிவைத்து இழைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமத் வேனில் ஜிப்சம் அனுப்பு, புதுச் சரக்காக. சுண்ணாம்பு வேண்டாம்.

துருஸ்பெக்